நூர்னிசா வாங்கிய சத்தியம்

ராஜபாளையத்துக்கு ஹெலிகாப்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு வேலையும் ஓடவில்லை. தேர்தல் நேரம். தலைவர் மேடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், கேட்கத்தான் ஆளில்லை. சனம் அத்தனையும் மைதானத்தின் அந்தக் கோடியில் ஹெலிகாப்டரைச் சுற்றி நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் வீட்டு விருந்துக்கு வந்திருந்த நூர்னிசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னே, அவள் புருஷன் சாகுல் ஹமீது விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டினவனாயிற்றே!

"நான் வரலை நூரு. நீ போயிட்டு வா."

"ஓட்டுன மனுசன் வீட்டுல கெடப்பீக, ஊரு பூரா போய்ப் பாக்கும். நல்லாருக்கு கதை! எந்திரிங்க மச்சான்."

இழுத்துக்கொண்டு போனாள்.

அவனை வானத்திலிருந்து இறக்கியவளும் அவளேதான். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, சாகுலின் சிநேகிதன் ஹெலிகாப்டரோடு மலையில் மோதிச் செத்தான். நூர்னிசா சோறு தண்ணி தொடவில்லை. "இனிமே ஏற மாட்டேன்னு அல்லா மேல சத்தியம் பண்ணுங்க. இல்லைன்னா என் மய்யத்தைத்தான் பாப்பீக" என்றாள். பண்ணினான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்கில் சேர்ந்தான். ஃபேனுக்குக் கீழே உத்தியோகம், பொழுது சாய்ந்தால் வீடு. "அவிய இப்பத்தான் நிம்மதியா இருக்காக" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். அவனிடம் மட்டும் கேட்டதில்லை. கேட்டால்தானே வம்பு!

மைதானத்தில் பைலட் அவனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "சார், நீங்களா!" முன்பு விமானப்படையில் ஒன்றாகப் பறந்தவராம், இப்போது வாடகை ஹெலிகாப்டர் கம்பெனியில் இருக்கிறாராம். போலீசை விலக்கி, உள்ளே கூட்டிப்போய்த் தன் இருக்கையிலேயே உட்காரவைத்தார்.

கண்ணாடி வழியே நூர்னிசா பார்த்தாள். சாகுலின் கை ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுக்கொண்டு போனது. பைலட் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். இத்தனை வருஷமும் சிரிக்காமலா இருந்தான்? பிள்ளையோடு, விருந்தாளிகளோடு சிரித்தவன்தான். ஆனால் அதெல்லாம் இந்தச் சிரிப்பு இல்லை. 'அடிப்பாவி, மனுசனை இப்படிப் பண்ணிப்புட்டேனே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாகுல் இறங்கி வந்தான், தலைவர் ஏறினார். ஹெலிகாப்டர் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அவன் கையைப் பிடித்தாள்.

"மச்சான், நான் வாங்குன சத்தியம் வேணாம். அந்தத் தம்பி கம்பெனியிலயே கேளுங்க. நான் பயப்பட மாட்டேன்."

பொய்.

அவன் நடந்துகொண்டே சொன்னான். "போன வருசம் மெட்ராசுக்குப் போனேன்ல, அப்பவே கேட்டுப் பாத்துட்டேன் நூரு. உன்கிட்ட மறைச்சிட்டேன். வேலை தாரோம்னாங்க. டாக்டர்தான் கண்ணு பத்தாதுன்னுட்டாரு. இனிமே யாரும் எடுக்க மாட்டாக."

மெட்ராசிலிருந்து அந்த முறை அவளுக்குப் பச்சைச் சேலை வாங்கி வந்திருந்தான். தெரு முழுக்கக் காட்டிப் பெருமையடித்தாளே ஒழிய, அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. சத்தியத்தை மீறினானே என்று கோபம் வந்தாலாவது தேவலை. வரவில்லை.

"ஒத்தையிலயா அழுதீக மச்சான்?"

"பஸ் வந்துருச்சு, ஏறு. நாளைக்கு ஆபீஸ் இருக்கு" என்றான் சாகுல்.