சீராக வந்த டயர்கள்

முத்துப்பிரியாவுக்கு ஜீப்பு ஓட்டுவதில் பயம் கிடையாது. போடியில் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மழை என்றும் மூடுபனி என்றும் பார்க்காமல், போடிமெட்டு வளைவுகளில் நித்தமும் ஏறி இறங்குகிறவள் அவள். எதிரே லாரி வந்தால்கூட லாரிக்காரன்தான் ஒதுங்குவான். அவள் பயந்ததெல்லாம் இரண்டே இரண்டு மாமாக்களுக்குத்தான்.

ஒருவர் தாய்மாமன் பாண்டித்துரை. மற்றவர் புருஷன் கார்த்தியைப் பெற்ற விஜயபாண்டி. இருவருக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே டயர்க்கடை. தாய்மாமன் கஜராஜா டயருக்கு ஏஜெண்டு, மாமனார் சிறுத்தை டயருக்கு. கல்யாணத்தில் சம்பந்திகள் ஆனவர்கள், பந்தியில் முதல் இலை யாருக்கு என்ற தகராறில் அன்றைக்கே பேச்சை விட்டார்கள். அதன்பிறகு ஒருவரை ஒருவர் திட்ட வேண்டுமென்றால் தெருமுனை டீக்கடைக்காரரைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். பாவம், அவரும் டீ ஆற்றிக்கொண்டே இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொள்வார்.

இந்த நேரம் பார்த்துக் குரங்கணிச் சாலையோரக் காட்டில் ஜீப்புப் பந்தயம் வந்தது. சேறு, பாறை, செங்குத்து ஏற்றம் என்று மலையை இரண்டு முறை சுற்றி வர வேண்டும். தேசியப் பந்தயத்துக்கு ஓட்டுநர் தேடிக் கோவையிலிருந்து ஓர் அணி வருகிறது என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து முத்துப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஓட்டுநர் இடம் அவளுக்கு வேண்டும். இந்த ஜென்மத்தில் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று கார்த்தியிடம் சொல்லி அழுதே விட்டாள். அவன் நல்லவன். போய் ஜெயித்து வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

டயர்க் கம்பெனிகளுக்கு வேறு ஆசை இருந்தது. ஜெயிக்கிற ஜீப்பில் எந்த டயர் ஓடுகிறதோ, மலைமேல் உள்ள எஸ்டேட் ஜீப்புகளுக்கெல்லாம் இனி அந்த டயர்தான் என்று தோட்ட முதலாளிகள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கேட்கவா வேண்டும்? கடைகள் இரண்டும் கொதிக்கத் தொடங்கின.

முதலில் வந்தது தாய்மாமன். சும்மா வரவில்லை. மேளம் முன்னே போக, நான்கு கஜராஜா டயர்களுக்கு மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு தெருவை வலம் வந்தார். தாய்மாமன் சீரை மறுக்க உலகத்தில் எவனுக்கு உரிமை இருக்கிறது என்று டீக்கடைக்காரரைக் கேட்டார். மாமனார் சளைத்தவரா? மறுநாளே இரட்டை மேளத்தோடு நான்கு சிறுத்தை டயர்கள் வந்தன. வீட்டு மருமகள் வெளியாள் டயரில் ஓடினால் ஊர் காறித் துப்பாதா என்று அவரும் அதே டீக்கடைக்காரரைத்தான் கேட்டார். எட்டு டயரையும் வாசலில் அடுக்கிவிட்டதால் முத்துப்பிரியா பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போக முடிந்தது.

ஒன்றை மாட்டினால் மற்றது பகை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் அவள் ஆளுக்கு இரண்டு என்றாள். அதிலும் முன்பக்கம் யாருக்கு என்று கேள்வி வந்தது. முதல் மரியாதையை விட்டுக்கொடுப்பார்களா? சரி, இடதுபக்கம் ஒருவர், வலதுபக்கம் ஒருவர் என்றால், வலதுகாலை வைத்துத்தானே வீட்டுக்குள் வந்தாள், ஆகவே வலதுபக்கம் புகுந்த வீட்டுக்கே என்றார் மாமனார். இதைத் தீர்த்துவைக்க வேண்டிய கார்த்தி கறிவேப்பிலை வாங்கப் போய்ப் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. முடிவில் குறுக்குமறுக்காக மாட்டினாள். முன் இடதும் பின் வலதும் கஜராஜா, மற்ற இரண்டும் சிறுத்தை.

கஜராஜா மெத்தென்று இருக்கும். பாறையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். சிறுத்தை கெட்டி ரப்பர். தேயாது, ஈரப்பாறையில் வழுக்கும். இரண்டையும் குறுக்கே மாட்டிய ஜீப்பு, கால் சமமில்லாத கட்டிலைப் போல ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியும் முதல் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்தாள். தோட்டத்துப் பெண்கள் மேட்டில் நின்று குலவை போட்டார்கள்.

விதிப்படி முதல் சுற்று முடிந்ததும் ஒருமுறை நின்று டயர் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும் என்று இருவரிடமும் கெஞ்சிச் சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்? ஜீப்பு நின்றதுதான் தாமதம், இரண்டு கடை ஆட்களும் பாய்ந்தார்கள். தாய்மாமன் ஆட்கள் சிறுத்தைகளைக் கழற்றிக் கஜராஜாவை மாட்டினார்கள். அதே சமயம் மாமனார் ஆட்கள் கஜராஜாக்களைக் கழற்றிச் சிறுத்தையை மாட்டினார்கள். வியர்க்க விறுவிறுக்க வேலை முடிந்து எழுந்து பார்த்தால், பழையபடி ஆளுக்கு இரண்டு, குறுக்குமறுக்கு. இடம் மாறியதுதான் மிச்சம். அதற்குள் வரிசையாக நான்கு ஜீப்புகள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. மேட்டில் குலவை நின்று வசவு கேட்டது.

அவளுக்கு ஆத்திரத்தில் கண் மங்கியது. இதுவரை வலதுபக்கம் இழுத்த ஜீப்பு இப்போது இடதுபக்கம் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கவ்வுகிற டயர் பாறையில் விழும்படியும் வழுக்குகிற டயர் சேற்றில் விழும்படியும் பார்த்துப் பார்த்து ஏறினாள். மூன்று ஜீப்புகளைப் பிடித்தாள். மூன்றாவதாக வந்து நின்றாள். முதலிடம் போனது. கோவையும் போனது என்றே நினைத்தாள்.

ஆனால் கோவை அணியின் மேலாளர் அமுதவள்ளி நேராக அவளிடம்தான் வந்தார். நல்ல டயரில் முதலாவதாக வர நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்தக் கூத்தை வைத்துக்கொண்டு மூன்றாவதாக வர ஆள் இல்லை என்றார். இன்று சாயந்திரமே தங்களோடு கிளம்ப முடியுமா என்று கேட்டார். முத்துப்பிரியா வாய் திறக்குமுன், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அணிக்கு டயர் தருவது வேறொரு கம்பெனி. அதில்தான் ஓட்ட வேண்டும்.

அவ்வளவுதான். முதல் இலைக்காகப் பேச்சை விட்ட இரண்டு பேரும் அக்கணமே தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"எங்க புள்ள அடுத்தவன் டயர்ல ஓடாது, மேடம்," என்றார் தாய்மாமன்.

"சம்பந்தி சொல்றது சரிதான். நீங்க வேற ஆளப் பாருங்க," என்றார் மாமனார்.

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டுக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். அமுதவள்ளி தோளைக் குலுக்கிவிட்டு, குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள் என்று காரை நோக்கி நடந்தார். போகிறவரின் முதுகையே முத்துப்பிரியா பார்த்தாள். இத்தனை நாள் இருவருக்கும் நல்லவளாக இருந்து என்ன கண்டோம் என்று தோன்றியது.

"மாமா," என்று கூப்பிட்டாள். இருவரும் திரும்பினார்கள்.

"ஊரு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த டயரையெல்லாம் எனக்குச் சீராச் செஞ்சீகளா, இல்ல யாவாரத்துக்குக் கொண்டாந்தீகளா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாபாரம் என்றால் மேளம் அடித்த முகத்தோடு இனிப் போடியில் நடமாட முடியாது.

"என்ன தாயி கேக்குற. சீருதான்," என்றார் தாய்மாமன். மாமனாரும் தலையை ஆட்டினார்.

"சீருன்னா அது பொண்ணுக்குச் சொந்தம். சீர்ச்சேலை குடுத்தவுக திரும்பி வந்து, அதைக் கட்டு, இதைக் கட்டாதேன்னு கேட்டதா எந்த ஊர்லயும் இல்ல. என் சீரை நான் கழட்டி வைக்கிறேன். வர்றேன், மாமா."

தோட்டத்திலிருந்து வந்திருந்த மாயக்காள் முதலில் சிரித்தாள். பிறகு மேடே சிரித்தது. முத்துப்பிரியா காரை நோக்கி ஓடினாள். கூட்டத்துக்குப் பின்னால் கார்த்தி அவள் துணிப்பையை எப்போதோ கட்டி வைத்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு மாமாக்களும் காருக்கு ஓடினார்கள்.

பையின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். பெண்ணை வழியனுப்புகிற உரிமை தாய்மாமனுக்கே என்று ஒருவரும், புகுந்த வீட்டுக்கே என்று மற்றவரும் டீக்கடைக்காரரைத் தேடினார்கள். அவர் போடியில் இருந்தார். வேறு வழியில்லாமல் முகத்துக்கு முகம் பார்த்தே திட்டிக்கொண்டார்கள். முத்துப்பிரியா பையை விட்டுவிட்டுக் காரில் ஏறி, கதவைச் சாத்தி, போகலாம் மேடம் என்றாள்.