வண்டி துலக்கிய மூன்று நாள்

ஏரிக்கரைத் தங்குமிடத்தின் கேட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது பல்செட் அம்மாவின் வீட்டுக்காரர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை இருந்தது. முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். எத்தனையோ ஏரிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே தாண்டிப் போயிருக்கிறார். ஒன்றின் கரையிலும் இறங்கி உட்கார்ந்ததில்லை. ஏற்றிய சரக்கு அதற்கெல்லாம் விடாது. அதனால்தான் வேலையை விட்ட கையோடு, படுக்கையும் அடுப்பும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற ஒரு பழைய கேரவனை வாங்கினார். எஞ்சினைத் தானே பிரித்து மாட்டினார். பிரேக், டயர், விளக்கு, எல்லாம் புதுசு. வெளிப்பக்கம் மட்டும் அவர் கண் போகவே இல்லை. ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு என்று நினைத்துவிட்டார்.

மேனேஜர் வந்தார். ஒல்லியான ஆள், கையில் தாள்கள் செருகிய ஒரு அட்டை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முடிக்கும்போது அவர் உதடு ஒரு பக்கமாகப் போயிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். இதை உள்ள விட முடியாது."

"ஏன்? புக் பண்ணியிருக்கோமே!"

"புக்கிங் இருக்கு சார். வண்டியைத்தான் பாருங்களேன். பக்கத்துல வண்டி போட்டுத் தங்குறவங்க என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. பார்க்க ஒழுங்கா இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் இடம்னு போர்டுலயே போட்டிருக்கோம்."

பின்னால் மூன்று வண்டிகள் வந்து நின்றுவிட்டன. யாரோ ஹாரன் அடித்தார்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஹாரனுக்கும் அசைந்து கொடுக்காத மனிதர், அன்று ரிவர்ஸ் கியரைப் போட்டார். அவர் காதுமடல் சிவந்திருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல்செட் அம்மா பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"தம்பி, வண்டி பார்க்க நல்லா இருந்தா விடுவீங்களா?"

"தாராளமா மேடம்."

"இடத்தை எதுவரைக்கும் வச்சிருப்பீங்க?"

மேனேஜர் அட்டையைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும். அதுக்கு மேல கேட்டு வச்சிருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அன்று திங்கட்கிழமை.

பல்செட் அம்மா என்பது வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, பல் இல்லாதவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறை அது. இருபத்தாறு வருஷமாக அங்கே கடைசி மேஜை அவளுடையது. வார்த்தெடுத்த செட் கரடுமுரடாக அவளிடம் வரும்; சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து அவள் தேய்த்து அனுப்பும்போது ஈறு ஈரமாக மின்னும், பல் நேற்று முளைத்தது மாதிரி இருக்கும். இந்த ஐந்து நாள் லீவுக்காக அவள் எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்து முதலாளி, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். லீவு கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

அவர்கள் நேரே போனது கொழுந்தன் இடத்துக்கு. வீட்டுக்காரரின் தம்பி பழைய கார் வாங்கி விற்பவர். உயரமான தகரக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், ஏணி எல்லாம் அங்கே உண்டு. அதோடு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனையும் உண்டு.

வண்டியைப் பார்த்ததும் கொழுந்தன் உச்சுக்கொட்டினார். "அண்ணே, இது செத்துப்போன ஃபைபர் பாடி. பெயின்ட்தான் அடிக்கணும். இல்லன்னா கோழி வளர்க்கலாம்."

அண்ணன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். "வித்துடலாம்டா. யாராவது வந்தா சொல்லு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தக் குரல்தான் அம்மாவை என்னவோ செய்தது. அவள் வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கூரையிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் வழிந்திருந்தன, அழுத கண்ணில் மை வழிந்த மாதிரி. ஜன்னல் ஓரங்களில் பச்சைப் பாசி. வெள்ளையாக இருக்க வேண்டிய உடம்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. அவள் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரலில் வெள்ளை மாவு ஒட்டியது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.

"தம்பி, இது சாகல" என்றாள். "மேல்தோல் மட்டும்தான் வெயில்ல பொரிஞ்சிருக்கு."

"அண்ணி, நான் இருபது வருஷமா வண்டி விக்கிறேன்."

"நான் இருபத்தாறு வருஷமா பாலிஷ் போடுறேன்."

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டார். அது அவர் அடிக்கடி செய்கிற காரியம் அல்ல.

அம்மா கைப்பையைத் துழாவி, பட்டறையில் கடைசி மெருகுக்குப் போடும் பசை இருந்த சிறு டப்பாவை எடுத்தாள். எப்போதும் அவள் பையில் ஒன்று கிடக்கும். வண்டியின் பின்மூலையில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். புடவைத் தலைப்பு போகட்டும் என்று அதாலேயே துடைத்தாள். பசையைத் தொட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தாள். பத்து நிமிஷம் ஆனது. பிறகு நகர்ந்து நின்று, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். குனிந்தார். அந்த உள்ளங்கை அளவில் கொட்டகை தெரிந்தது, குழாய் தெரிந்தது, அவருடைய மூக்கும் தெரிந்தது.

"அட!" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கழுவத் தொடங்கினார்கள். முழங்கால் காரணமாக ஏணி அவருக்கு ஆகாது. ஆகவே இடுப்புக்கு மேலே அம்மா, இடுப்புக்குக் கீழே அவர் என்று பங்கு பிரிந்தது. முதலில் கூரை. கூரையில் அழுக்கை விட்டுவிட்டுப் பக்கத்தைக் கழுவினால் அத்தனையும் மறுபடி வழியும் என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். நீளக் கம்பில் மென்மையான பிரஷ், ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் பிரஷை அலச வெறும் தண்ணீர். கூரையிலிருந்து இறங்கிய முதல் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. கீழே நின்ற வீட்டுக்காரர் தலையில்தான் வந்தது.

"சொல்லிட்டு ஊத்தக் கூடாதா?"

"கீழ நிக்காதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். காது எங்க வச்சிருந்தீங்க?"

பதினோரு மணிக்குக் கொழுந்தன் ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். தண்ணீரைப் பீரங்கி மாதிரி அடிக்கும் மெஷின். "அண்ணி, தள்ளுங்க. அஞ்சே நிமிஷம்." வேண்டாம் என்று அம்மா ஏணியிலிருந்து கத்துவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். தண்ணீர் பக்கவாட்டில் போட்டிருந்த நீலக்கோட்டு ஸ்டிக்கரில் ஒரு முழத்தை உரித்தது. அடுத்து, ஃபிரிட்ஜுக்குக் காற்றுப் போகிற சல்லடை வழியாக உள்ளே புகுந்தது. அண்ணன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். முழங்கால் வலியே அப்போது அவருக்கு நினைவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் மெத்தை நனைந்து தொங்கியது. கொழுந்தன் நனைந்த கோழி மாதிரி நின்றார். "மன்னிச்சுக்கோங்க அண்ணி."

அம்மா ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். "மெத்தையைத் தூக்கிட்டு வந்து வெயில்ல போடுங்க. அதுக்கப்புறம் சல்லடைக்குள்ள கிடக்கிற தண்ணியை ஒத்தி எடுங்க. எல்லாம் முடிஞ்சதும் ஒரு பிரஷ் எடுத்துட்டு சக்கரத்துக்கிட்ட உட்காருங்க. நாலு சக்கரம் இருக்கு."

கொழுந்தன் மறுபேச்சு பேசாமல் அத்தனையும் செய்தார்.

புதன்கிழமை தேய்க்கும் நாள். கொழுந்தனிடம் பாலிஷ் போடும் கைமெஷின் இருந்தது, அதில் துணிவட்டம் மாட்டலாம். அதைக் கையில் வாங்கியதுமே அம்மாவுக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் பத்து மணிக்குள் கண்ணாடியாகிவிட்டது. உற்சாகமாக வலப்பக்கம் போனாள். அங்கேதான் வண்டி அவளை மடக்கியது. அந்தப் பக்கம் பல வருஷம் வெயிலைப் பார்த்தே நின்ற பக்கம் போலிருக்கிறது. தேய்த்தாள், துடைத்தாள், பார்த்தாள். மங்கலாகவே இருந்தது. இன்னொரு முறை தேய்த்தாள். பளபளப்பு வருவதுபோல் வந்து, காய்ந்ததும் மறுபடி சாம்பல் ஏறியது. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் தோள்பட்டை இற்று விழுந்துவிடும் போலிருந்தது.

வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "போதும்மா. ஒரு பக்கமாச்சும் வந்துச்சே. கேட்ல அந்தப் பக்கத்தைக் காட்டிட்டு நுழைஞ்சிடுவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே வண்டிச் சுவரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கரடுமுரடாக வந்த செட்டுக்கு எடுத்த எடுப்பில் மெருகுப் பசை போட்டால் என்ன ஆகும்? கரடு அப்படியேதான் இருக்கும், மேலே கொஞ்சம் எண்ணெய் பூசினது மாதிரி மினுங்கிவிட்டு ஓடிப்போகும். இடப்பக்கம் லேசாக வந்துவிட்ட மிதப்பில் அவள் முரட்டாகத் தேய்க்கும் முதல் படியையே விட்டுவிட்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷத்து வேலைக்காரி செய்கிற தப்பா இது!

"தம்பி! முரட்டு காம்பவுண்டு இருக்கா? கீறல் எடுக்கப் போடுவீங்களே, அது."

"இருக்கு அண்ணி. அது தோலை உரிச்சிடுமே!"

"உரியட்டும். அழுத்தாம, ஒரு இடத்துல நிக்காம ஓட்டினா செத்த தோல் மட்டும்தான் உரியும். சூடு ஏறவிட்டாத்தான் ஆபத்து."

ஸ்டிக்கர் ஓரங்களையும் ஜன்னல் விளிம்புகளையும் டேப் ஒட்டி மறைத்தாள். முரட்டு காம்பவுண்டை வைத்து ஒரு முழ அகலமாக எடுத்துக்கொண்டு, இடது வலது, மேல் கீழ் என்று மெஷினை ஓட்டினாள். அடிக்கடி புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தாள். துணிவட்டம் சாம்பல் மாவாக நிறைந்தது. அதைத் தட்டிவிட்டு அடுத்த முழம். அப்புறம் நடுத்தரம். அப்புறம்தான் மெருகு. இந்தமுறை காய்ந்த பிறகும் பளபளப்பு போகவில்லை. அப்படியே நின்றது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார், கொழுந்தன் வந்து நின்றார். மூன்று பேரும் அந்தச் சுவரில் வரிசையாகத் தெரிந்தார்கள்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தார். "அண்ணி, என் கடைக்கு வந்துடுங்களேன்."

"உங்க வாய்க்கு ஒரு செட் செஞ்சு தரேன், அது போதும்."

வியாழக்கிழமை மெழுகு. கொட்டகை நிழலில், உடம்பு சூடில்லாத வண்டியில், மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். மெழுகு லேசாகப் பனி படர்ந்தது மாதிரி வெளுத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அவள் தடவிக்கொண்டே போக, பின்னாலேயே வீட்டுக்காரர் துடைத்துக்கொண்டு வந்தார். அன்று அவர்தான் ஓயாமல் பேசினார். ஏரியில் மீன் பிடிக்க அனுமதி உண்டாம். மாலையில் படகு விடுவார்களாம். இரண்டு மடக்கு நாற்காலி போதுமா, மூன்றாவதாகத் தம்பிக்கும் ஒன்று வேண்டுமா? டயரின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் இவர்தானா என்று அம்மாவுக்கே சந்தேகமாக இருந்தது. உரிந்த ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கொழுந்தனே அளந்து வெட்டிப் புது நீலக்கோடு ஒட்டினார். பழையதைவிட நேராக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கேட்டில் போய் நின்றார்கள். மேனேஜர் அட்டையோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி வண்டி. ஒரு சுற்று சுற்றி வந்தவர், வலப்பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதை அம்மா சைடு கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"மேடம், அதே வண்டியா?"

"அதே வண்டி, அதே ஆளுங்க."

"பெயின்ட் அடிச்சீங்களா?"

"கழுவினோம்" என்றாள் அம்மா.

வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார். அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

மேனேஜர் அட்டையில் எதையோ அடித்துவிட்டு எழுதினார். "பின்வரிசை வேண்டாம் சார். தண்ணியைப் பார்த்த மாதிரி முதல் வரிசையில ஒரு இடம் இருக்கு. அங்க போட்டுக்கோங்க. ரோட்டுல இருந்து பார்க்கிறவங்களுக்கும் தெரியும்."

முதல் வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் விலை கேட்கவே பயமான வண்டிகள். பக்கத்து வண்டிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மாலைக்குள் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய வண்டிக்கு இரண்டே வயது. அதற்குள் மூக்குப் பக்கம் மங்கத் தொடங்கியிருந்தது. "என்ன போடுறீங்கன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அம்மா அவர் வண்டியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், விரலைத் தேய்த்துப் பார்த்தாள். "பயப்படாதீங்க. இதுக்கு மெருகு மட்டும் போதும்" என்று ஒரு டாக்டர் மாதிரி சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் சற்றுக் கண்ணயர்ந்தாள். காய்ந்த மெத்தை சுகமாக இருந்தது. கூரையில் படபடவென்று சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். நல்ல மழை. பக்கத்தில் அவர் இல்லை.

"ஏய், சீக்கிரம் வா! வெளிய வா!"

பதறிக்கொண்டு கதவைத் திறந்தாள். குடைகூட இல்லாமல் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னாச்சுங்க?"

"இங்க பாரு, இங்க பாரு!" வண்டிச் சுவரைக் காட்டினார். மழைத்துளிகள் அதில் விழுந்து, ஒட்டவே மனமில்லாமல், குண்டுமணியாக உருண்டு உருண்டு ஓடின. ஒன்று இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு ஓடியது. ஒரு துளியும் நிற்கவில்லை, ஒரு கோடும் விழவில்லை. அவர் உள்ளங்கையை விரித்து அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"உள்ள வாங்க, சளி பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும்! நீ வந்து பாரும்மா, எப்படி ஓடுது!"

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். செருப்பைப் போடாமலேயே மழையில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். கூரையிலிருந்து வழிந்த தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தினாள்.

தெள்ளத்தெளிவாக இருந்தது.