கன்னத்தில் வைத்த கை

அக்காவின் படத்தைத் திறந்து வைத்தபோது தங்கைக்குக் கண் கலங்கவில்லை. காது மடல் சூடேறியது.

ஆளுயரப் படம். அக்கா கண்மூடி உட்கார்ந்திருந்தாள். இடக்கை கன்னத்தைத் தாங்கியிருந்தது. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளி. அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்கே உழைத்து ஓடாகத் தேய்ந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவள்.

கூடத்தின் தலைவர் மைக்கைப் பிடித்தார். "மூடின கண்ணு, உலகத்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். கன்னத்துல இருக்கற கை, மனசு உள்ளே திரும்பிடுச்சுன்னு அர்த்தம். நம்ம அம்மா எப்பவும் இந்த நிலையிலதான் இருப்பாங்க."

தங்கை எழுந்துவிட்டாள். "அது பல்வலிங்க!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உட்காருங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்."

"என்னத்த அப்புறம்? எங்கிட்ட வாங்கிட்டுப் போன போட்டோவப் பாத்துதானே வரைஞ்சீங்க? எடுத்ததே நான்தான். கடைவாய்ப் பல்லு, கன்னமெல்லாம் வீங்கிக் கெடந்தா. டாக்டர்கிட்ட போறேன்னு உங்ககிட்ட வந்து நின்னா. 'ஆண்டுக் கூட்டம் முடியட்டும், வேலைய யாரு பாக்கறது'ன்னீங்க. கடைசியில சீழ் வெச்சு ஆஸ்பத்திரியில கெடந்தாளே, மறந்துபோச்சா?"

தலைவரின் முகம் சுண்டியது. மைக்கை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஜனங்க கும்பிடப்போற படம்மா. வலிய மாட்டி வெச்சா யாருக்கு நிம்மதி கெடைக்கும்?"

"அவ வலிக்கு நீங்களா ஒரு அர்த்தம் கட்டுவீங்க, அதுல உங்களுக்கு நிம்மதியா?"

படம் இறங்கவில்லை. இரண்டு தொண்டர்கள் அவளை, மரியாதையாகத்தான், வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள்.

படத்தை வரைந்த பெண் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். "போட்டோல கண்ணு தெறந்துதான் இருந்துச்சுக்கா. அவங்கதான் மூடச் சொன்னாங்க. நானும் மூடித் தொலைச்சேன்."

தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

"நிஜமா சாமி கும்பிடறப்ப எப்படி இருப்பாங்க?"

"நின்னுக்கிட்டுதான். ரெண்டு கையும் இடுப்புல. கண்ணை நல்லா முழிச்சுக்கிட்டு, 'இத்தனை பேரு பசியோட வந்து நிக்கறாங்க, நீ என்ன பண்ணப்போறே?'ன்னு கடவுளையே கேப்பா. சண்டைக்கு நிக்கற மாதிரி இருக்கும்."

ஓவியப் பெண் அதையும் வரைந்தாள். பக்தி இல்லை என்று கூடம் திருப்பி அனுப்பியது. அதைத் தங்கை தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள்.

தலைவர் இரண்டு முறை சமாதானம் பேச வந்தார். கதவைத் திறந்தாள்; உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.