மாமனார் ஏறினால் மட்டும்

மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும்தான் அந்த டீசல் கார் மக்கர் பண்ணியது. மற்ற நாட்களில் மருமகள் அதில் மருந்துக்கடை வேலைக்குப் போவாள், பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள், ஒரு குறையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குக் கிளம்பினால் பாதி ஏற்றத்தில் வண்டி துவண்டுவிடும். என்ஜின் அணையாது. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். மஞ்சள் விளக்கு எரியும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள். ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல இழுக்கும்.

அந்த இல்லத்தில் இருப்பது மாமியார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து, ஆள் துணையில்லாமல் அவரால் எழுந்திருக்க முடியாது. வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பது மாமனாரின் வழக்கம்.

மாமனார் ஓட்டுநர் உரிமத் தேர்வு எடுக்கும் அதிகாரியாக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய வலது கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. பக்கத்துச் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "பாத்து... பிரேக், பிரேக்!" என்று வாயும் சேர்ந்து ஓட்டும். மருமகளும் பேசாமல் பிரேக் போட்டுவிடுவாள். வாதாடுவதைவிட அது சுலபம்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் கணவன், "அப்பா ஏறினாலே வண்டிக்கு ஜுரம் வந்துடுது. ராசி அப்படி" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், மாமனார் கைகழுவிவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு யாரும் எழுந்திருப்பதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய்விட்டார். வழியில் பஸ் மாற வேண்டும், இறங்கின பிறகு மேடேறி நடக்க வேண்டும், அவருக்கு முட்டிவலி வேறு. கேட்டதற்கு, "பஸ்ல காத்து நல்லா வருது" என்றார்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. காரை மருந்துக்கடைக்குப் பின்தெருவில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனாள். பட்டறைக்காரி வாட்டசாட்டமான பெண். எல்லாரும் அவளை 'மெக்கானிக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள்.

"டர்போல காத்து பத்தலன்னு காட்டுது. என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புறதுதான் டர்போ. காத்து குறைஞ்சா கம்ப்யூட்டரு டீசலையும் குறைச்சிடும். அதான் உங்க வண்டி ஊருது."

காற்றை அளக்கும் சென்சாரை மாற்றினாள். ஓட்டிப் பார்த்தார்கள், வண்டி பறந்தது. மருமகள் வீட்டுக்கு வந்து கெஞ்சிக் கூத்தாடி மாமனாரை மறுபடி ஏற்றினாள். அவரும் வெள்ளைச்சட்டை போட்டு, மாமியாருக்குப் பிடித்த ஆரஞ்சு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதி மலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். "நீ திரும்பிப் போம்மா. நான் இல்லன்னா அது நல்லா ஓடும்" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பையோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வானிலை சொல்வதுபோல சாதாரணமாகச் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சென்சாரை மாத்தினது என் அவசரம். காத்து பத்தலன்னு தெரிஞ்சுது, ஏன் பத்தலன்னு நான் தோண்டல." காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒழுகல் இல்லை. டர்போவின் விசிறி தங்குதடையில்லாமல் சுற்றியது. "நின்ன இடத்துல எல்லாம் சமத்தா இருக்கு. ஓடுறப்பதான் கையும் களவுமா பிடிக்கணும். சரியா எப்ப வருது, சொல்லுங்க."

மருமகள் தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க. என் மாமனார் கூட வந்தா மட்டும்தான் வருது."

மெக்கானிக் அக்கா சிரிக்கவில்லை. "அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க. வண்டிக்குத் தெரியுற ஏதோ ஒண்ணு அவரு வந்தா மாறுது. அது என்னன்னு பாக்கணும்."

அன்று சாயங்காலம் மாமனார் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, அன்னிக்கு நானும் சிரிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"வேற யாரையாவது சொல்லியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன்."

"மெக்கானிக் உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"எதுக்கு? என்னையும் கழட்டிப் பாக்கவா?"

ஆனாலும் வந்தார்.

மெக்கானிக் அக்கா என்ஜினிலிருந்து ஒரு நீளமான ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அதன் முனையில் ஒரு வட்ட மீட்டரை மாட்டி, முன்கண்ணாடியோரம் டேப்பால் ஒட்டினாள். "என்ஜின்ல ஒரு உறிஞ்சு பம்ப் இருக்கு. டர்போவுல காத்தை ஏத்துற வால்வை இழுக்குறது அதோட உறிஞ்சல்தான். அது குறையுதான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மருமகள் ஓட்டினாள்.

மாமனார் வாயைத் திறக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பள்ளிப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கார் மலையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. மீட்டர் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உச்சிவரை போய்த் திரும்பினார்கள்.

"இன்னிக்கு நல்லாத்தானே ஓடுது?" என்றார் மாமனார், குறைசொல்வதுபோல.

மெக்கானிக் அக்கா முன்னால் குனிந்தாள். "ஐயா, எப்பவும் இப்படித்தான் அமைதியா வருவீங்களா?"

மருமகள் இருமினாள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்பவும் போல வாங்க ஐயா. எனக்காக."

இரண்டாம் முறை ஏறினார்கள். முதலில் அவருக்கு வாய் வரவில்லை. முன்னால் ஒரு லாரி பின்விளக்கைக் காட்டியதும் பழக்கம் ஜெயித்துவிட்டது. "பிரேக்!" அவள் மிதித்தாள். வளைவில் ஒரு நாய். "பிரேக், பிரேக்!" மறுபடி மிதித்தாள். லாரி தயங்கியது. "விடாதே, பிரேக்கை மிதி!" முள் ஒவ்வொரு மிதிக்கும் கீழே விழுந்தது. ஏறி வருவதற்குள் அடுத்த மிதி. லாரி ஒதுங்கி வழிவிட, அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். வண்டி இழுக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"வந்துருச்சு!" என்று பின்சீட்டில் மெக்கானிக் அக்கா கைதட்டினாள். பழுதுக்கு யாராவது கைதட்டி மருமகள் பார்த்ததில்லை.

ஓரங்கட்டியதும் அக்கா விளக்கினாள். "பிரேக்கை லேசாக்குறதும் அதே பம்ப்தான். எங்கயோ சின்னதா ஒழுகுது. சாதாரணமா ஓட்டுறப்ப பம்ப் சமாளிச்சுக்குது. அடுத்தடுத்து பிரேக் போட்டா மூச்சு வாங்குது. அந்த நேரம் பாத்து ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா டர்போ வால்வுக்கு இழுக்கத் தெம்பில்ல. ஏம்மா, பிரேக் கொஞ்சம் கட்டியா இருந்திருக்குமே?"

"நான் கால்வலின்னு நெனச்சேன்" என்றாள் மருமகள்.

"நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்றேனே, சீக்கிரமா மிதின்னு" என்றார் மாமனார்.

"நீங்க எந்த வண்டியில ஏறினாலும் சொல்வீங்க மாமா."

பட்டறையில் பேட்டரியைத் தூக்கியபோது அகப்பட்டது. அதன் தட்டுக்கு அடியில், உறிஞ்சு பம்ப்பிலிருந்து வரும் விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று இரும்புக் கிளிப்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. அதை வளைத்துப் பிடித்தால்தான் ஓட்டை வாய் திறந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அதை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். குரலில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

புதுக் குழாய் போட்டு, கிளிப்பையும் தள்ளி மாட்டியபின், மெக்கானிக் அக்கா அவரையே டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள். என்ஜின் ஓட, ஆசை தீர பிரேக்கை மிதித்தார். முள் விழுந்த வேகத்தில் திரும்பி எழுந்தது.

வீட்டில் மருமகள் நடந்ததை எல்லாம் கணவனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவின் அறைக்குப் போனான். உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வரும்போது, "ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன்" என்றான்.

"ஓட்டட்டும். முதல்ல டெஸ்ட்ல பாஸ் ஆகட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஞாயிறன்று மூவரும் போனார்கள். வளைவுக்கு வளைவு பிரேக் போட்டும் வண்டி சளைக்காமல் ஏறியது. மாமியார் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இல்லத்தில் யாரோ அவருடைய முடியைக் காதளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். அவருக்கு அதில் ஒரே அழுகை.

மாமனார் நாற்காலியை ஒருமுறை சுற்றிவந்து, எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கழுத்து தெரியுது" என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிஜமாவா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.