பள்ளிக்கூட வாசலில் என் மருமகள் முகம்

நான் ராஜபாளையத்துக்காரன். நூல் மில்லுக்கு மெஷின் மாட்டிக்கொடுப்பது தொழில். கம்பெனி எந்த நாட்டுக்கு மெஷின் விற்றாலும் பின்னாலேயே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். வியட்நாமில் செத்துப்போன தாத்தாவுக்குக் காகிதத்தில் செல்போன் செய்து எரித்தார்கள். சார்ஜர் இல்லாமல் கிழவர் என்ன செய்வார் என்று கேட்டேன். அதையும் எரித்தாயிற்று என்றார்கள். உஸ்பெகிஸ்தானில் விருந்தாளிக்கு அரைக் கோப்பைக்கு மேல் டீ ஊற்றமாட்டார்கள், அதுதான் மரியாதையாம். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தமாம். எத்தியோப்பியாவில் பாசம் பொங்கினால் அப்பத்தைச் சுருட்டி அடுத்தவன் வாயில் திணிப்பார்கள். அந்த ஊர் சூப்பர்வைசர் என்மேல் வைத்த பாசத்தில் எனக்கு மூச்சு முட்டிக் கண்ணு பிதுங்கிவிட்டது. ஊருக்கு ஊர் கிறுக்குத்தனம் உண்டு. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையின் உடம்பு விஷயத்தை டவுன் பஸ் கண்டக்டருக்கு அறிவிக்கிறவனை எந்த நாட்டிலும் நான் பார்க்கவில்லை. அந்தக் கண்றாவியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வர வேண்டியிருந்தது.

என் அக்கா பாண்டீஸ்வரியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் சங்கையா பைப் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் கோதை, எட்டாம் வகுப்பு. அவள் பெரியவளாகிவிட்டாள், மண்டபம் பிடித்தாயிற்று, தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும் என்று தகவல் வந்ததும் லீவு போட்டு வந்துவிட்டேன். சடங்கன்று காலை சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கோதை போன் செய்தாள். அழுகையில் பேச்சே வரவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அவள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்களாம். கூடப் படிக்கிறவள் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். பையன்கள் அதற்குக் கீழே நின்று செல்பி எடுக்கிறார்களாம். அப்பாவிடம் சொன்னால் காதிலேயே வாங்கவில்லையாம்.

“மாமா, இனிமே நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்,” என்றாள்.

சும்மா மிரட்டுகிற பிள்ளை இல்லை அவள். ஒன்று சொன்னால் அதிலேயே நிற்பாள். படிப்பென்றால் உயிராக இருந்தவள் படிப்பே வேண்டாம் என்கிறாள் என்றதும் மிச்சத் தட்டுகளை அவசரமாக ஏற்றி வேனைக் கிளப்பச் சொன்னேன்.

வேன் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. தாமரைப்பூவுக்குள் கோதையின் முகம், தலைக்கு மேலே பட்டாம்பூச்சி. பூப்புனித நீராட்டு விழா என்று தங்க எழுத்து. கீழே சொந்தக்காரர்களின் தலைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் கோட்டு சூட்டோடு நான். என் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. யாருடைய உடம்பிலோ என் தலையை ஒட்டி, பின்னால் ஒரு விமானத்தையும் பறக்க விட்டிருந்தார்கள். அதன் கீழே நின்று ஒருவர் டீ குடித்துக்கொண்டே எங்கள் வீட்டு விஷயத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

மண்டப வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். நான் தட்டுகளை வேனை விட்டு இறக்கவிடவில்லை. மச்சானைக் கூப்பிட்டு, அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றினால்தான் சீர் உள்ளே வரும் என்று சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

“நாலு பேரு பாக்கணும்னுதான மாப்ள வைக்கிறது. அந்த இடம் கிடைக்கவே எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா?”

“பிள்ளை படிப்பை விட்டுருவேன்னு அழுதுக்கிட்டு இருக்கா மச்சான்.”

“ரெண்டு நாள் அழுவா, பொறவு சரியாயிரும். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?”

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். மகளை விளம்பரம் போடுவதற்கு அவள் என்ன உங்கள் கடை பைப்பா என்று கேட்டேன். அவரும் சளைக்கவில்லை. நாலு நாடு சுத்திட்டு வந்தவனுக்கு சொந்த ஊர் வழக்கம் இளப்பமாகத்தான் தெரியும் என்றார். நீ இல்லாவிட்டால் சடங்கு நின்றுவிடுமா என்று சொல்லிவிட்டு, ராம்கியைக் கூப்பிட்டார். ராம்கி அக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முறைக்கு அவனும் மாமன்தான். அந்தப் பயல் கூலிங் கிளாஸைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மாலையைக் கையில் வாங்கிவிட்டான். ஒரு வார்த்தை யோசிக்கக்கூட இல்லை. மானங்கெட்ட பயல்.

மேளம் அடித்தார்கள். நான் வாசற்படியிலேயே நின்றேன். இத்தனை வீராப்பும் வீணாகிப்போனது. அக்கா மேடையோரம் நின்றாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. இவளும் புருஷன் பக்கம்தான் என்று அவள்மேலும் கோபம் வந்தது.

கோதையை அழைத்துவந்தார்கள். முகத்தில் அப்பியிருந்த பவுடரில் கண்ணீர் கோடு கோடாகத் தெரிந்தது. ராம்கி மாலையோடு நெருங்கினான். அவள் உட்காரவில்லை. யார் தோளை அழுத்தியும் உட்காரவில்லை. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ அதட்டினார். வீடியோக்காரர் கேமராவை இறக்கினார். மேளமும் நின்றுவிட்டது.

“போர்டை எடுத்துட்டு வாங்கப்பா. பொறவு உக்காருதேன்,” என்றாள் கோதை.

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார் மச்சான். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

“அது என் மூஞ்சிப்பா.”

ராம்கி மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அப்போதுதான் அக்கா மேடையை விட்டு இறங்கினாள். சமையல்கட்டுப் பக்கம் போனாள், காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். அதை மச்சான் கையில் வைத்தாள்.

“எனக்குச் சடங்கு வச்சப்ப மைக்செட்டுல சொன்னாங்க,” என்றாள். “தெரு முழுக்கக் கேட்டுச்சு. அதோட எட்டாம் கிளாஸோட நிப்பாட்டுனேன். யாரும் ஏன்னு கேக்கல. நீங்களும் இம்புட்டு வருசத்துல கேக்கல.”

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் நின்றுவிட்டாள் என்றே எங்கள் வீட்டில் சொல்வார்கள். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மச்சான் கத்தியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கத்தியும் கையுமாகப் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் நடந்தார். அக்கா மேடையேறிப் போய்க் கோதையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். மச்சான் திரும்பி வரும்வரை இருவரும் உட்காரவில்லை.