வெயிலில் போட்ட கட்டில்

கட்டிலின் கால் வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. ஜெனிட்டா உள்ளேயிருந்து தள்ளினாள். வெளியேயிருந்து பக்கத்து வீட்டுப் பார்வதம்மா இழுத்தாள். கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஏசுபாதம், "சாய்ச்சி எடுங்கம்மா," என்றார். அந்த இரண்டு சொல்லுக்கே அவருக்கு இளைத்தது.

"நீ வாய மூடிக்கினு படுப்பா. கீழ வுழுந்தா ரோனிக்கு யாரு பதில் சொல்றது?"

ரோனி ஜெனிட்டாவின் தம்பி. பெங்களூரில் நல்ல வேலை, நல்ல சம்பளம், எல்லாவற்றையும் போனிலேயே முடிவு செய்துவிடுகிற நல்ல பழக்கமும் உண்டு. அப்பாவுக்கு மூச்சு ரொம்ப மோசம் என்று நேற்று அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் பெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். இன்றைக்கு ஆம்புலன்ஸோடு வருகிறான். தொண்டையில் குழாய் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாமாம். தள்ளிவிட்டு? அதை ஜெனிட்டா கேட்டபோது, "அதுக்குன்னு சும்மா வுட்ற முடியுமாக்கா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

மழைக்காலத்தில் ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரியில் அவரை வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே டியூப் லைட். வீட்டுக்கு வந்ததும் ஏசுபாதம் சொன்னார்: "அண்டர்கிரவுண்டுல கெடந்த மாதிரியே இருந்துச்சி ஜெனி. அங்கயாவது ஷிப்ட் முடிஞ்சா கேஜ்ல ஏத்தி மேல வுட்டுடுவான்." சுரங்கத் தூசியைத் தின்ற நெஞ்சு அவருடையது. வேலையில் இருந்த காலமெல்லாம் டிசம்பர் வெயிலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கண்ணால் கண்ட மனுஷன். "முடியற நேரம் வந்தா என்ன வெயில்ல போட்டுடும்மா," என்று கேட்டிருந்தார். போடுவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ரோனி வரட்டும், ஒரு கை பார்க்கலாம்.

கட்டில் ஒருவழியாகத் தெருவுக்கு வந்தது. மூச்சு மெஷினை வாசற்படியில் வைத்து, குழாயை நீட்டி, அவர் தலைக்குக் குல்லாவை இழுத்துவிட்டாள்.

சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் நந்திதுர்க் லைன் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. பனி விலகியதும், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டின் உச்சி பழுப்பாகத் தெரிந்தது. நாய்கள் வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்திருந்தன. எந்த வீட்டிலோ கிறிஸ்துமஸுக்குக் குல்குல் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கொய்யாப்பழ வண்டிக்காரன் கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கூவிக்கொண்டு போனான். ஏசுபாதம் எல்லாவற்றையும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை ஜெனிட்டா பார்த்து நெடுநாளாயிற்று. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் வேலை கெட்டுவிடும் என்று போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

அவள் ஒன்றை யோசிக்கவே இல்லை. லைன் வீடுகள் குச்சு குச்சாக இருக்கும். யாராவது போய்விட்டால் உள்ளே வைத்து அழ இடம் கிடையாது. கட்டிலைத் தெருவில் போட்டுத்தான் அழுவார்கள். அந்த லைனில் கட்டில் வெளியே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எதிர்வீட்டுத் தங்கவேலு பால் வாங்கிக்கொண்டு முனையில் திரும்பியவர் கட்டிலைப் பார்த்தார். பார்த்த கையோடு வண்டியை மாதா கோயில் பக்கம் திருப்பினார். கிட்டப் போய்ப் பார்ப்போம் என்கிற நிதானமெல்லாம் அவர் பிறவியிலேயே இல்லை.

சற்று நேரத்தில் கோயிலில் துக்கமணி அடித்தது. விட்டு விட்டு, ஒவ்வொன்றாக.

"யாருக்காம்?" என்றார் ஏசுபாதம்.

"யாரோ பாவம். தெரீலண்ணா," என்றாள் பார்வதம்மா.

மணி ஓய்வதற்குள் தங்கவேலு மாலையும் கையுமாக வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். "அண்ணே, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று முதல் வரியை எடுத்தவர், கட்டிலருகே வந்ததும் நின்றுவிட்டார். ஏசுபாதம் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கவேலு... யாரு வூட்டுக் கல்யாணம்?"

தங்கவேலு மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அங்கிள்! கிட்ட வந்து பாத்துட்டுப் போனா கால் தேஞ்சிடுமா?" ஜெனிட்டா கத்தினாள். "உயிரோட கீறவருக்கு மணி அடிப்பாங்களா?"

"கட்டிலு வெளிய கீதேன்னு... மன்னிச்சிடும்மா."

ஏசுபாதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. ஐயோ, இப்படியே போய்விடுவாரோ என்று ஜெனிட்டா பதறிக் குனிந்தாள். நெஞ்சை நீவிவிட்டாள். மெல்ல அடங்கியது.

"மணிய நல்லா அடிச்சான்," என்றார் அவர். "அவசரப்படாம அடிச்சான்."

வந்தவர்களுக்குத் திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. வந்ததற்கு உட்காரலாம் என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். டீ வந்தது. பார்வதம்மா, ராத்திரி ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பக்கெட்டோடு தூக்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தோலை நசுக்கிப் பருப்பைத் தட்டில் பிதுக்கத் தொடங்கினார்கள். அவரைக் கொட்டை வாசனை தெருவெல்லாம் பரவியது. எதிர்த் திண்ணையில் ஏறிக் காகித நட்சத்திரம் கட்டிய பெண்ணுக்கு, ஏசுபாதம் ஒரு விரலை அசைத்து அசைத்து வழி சொன்னார். இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் மேலே.

அப்போது முனையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நாற்காலிகளைத் தாண்டி உள்ளே வர வழியில்லை. ரோனி இறங்கி ஓடிவந்தான். மணி அடித்த சேதியை வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அதுவே உறுதியாகிவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் விழுந்தான். "லேட்டாயிடுச்சேப்பா... நான் லேட்டா வந்துட்டேனேப்பா..."

ஏசுபாதம் காலால் அவன் தோளை மெல்லத் தொட்டார். "லேட்டில்லடா."

ரோனி தலையைத் தூக்கினான். வெகுநேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தான். தங்கவேலு டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். ஜெனிட்டா எழுந்து கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"தூக்கணும்னா என்னத் தாண்டித் தூக்கு ரோனி."

அவன் அவளைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தான். "போலாமாப்பா?"

"எங்க?" என்றார் ஏசுபாதம். "வெயிலு... நல்லா கீது."

ரோனி நிமிர்ந்தான். ஏற்கெனவே ஒருமுறை அப்பாவுக்காக அழுது முடித்தவனைப் போல அவன் முகம் தெளிந்திருந்தது. ஸ்ட்ரெச்சர்காரர்களைக் கூட்டிக்கொண்டு முனைக்குப் போனான். வண்டி பின்னாலேயே நகர்ந்து திரும்பிப் போனது. அவன் மட்டும் வந்து, பாலிஷ் போட்ட ஷூவோடு தரையில் சம்மணம் போட்டான்.

"சும்மா ஒக்காராத. பிதுக்கு," என்று பார்வதம்மா பக்கெட்டை நகர்த்தினாள்.

அவன் பிதுக்கிய முதல் பருப்பு துள்ளிப் போய்க் கம்பளிமேல் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஏசுபாதத்தின் உதடும் அசைந்தது.

பேச்சு பன்றிக்கறி விலைக்குப் போய், யார் வீட்டில் எவ்வளவு கேக் என்பதற்கு வந்தது. ஜெனிட்டா கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது. நின்று ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை. அவள் காத்திருந்தாள். மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

ரோனியைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டிருந்தான். கண்ணில் நீர் தளும்பியது. கை பிதுக்குவதை விடவில்லை.

"கொஞ்ச நேரம் கழிச்சிச் சொல்லலாம்க்கா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அப்பாவின் முகத்தில் வெயில் முழுசாக விழுந்திருந்தது. ஜெனிட்டா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டாள்.