குலுக்கலில் பெயர் விழுந்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அடைப்புக்குறிக்குள் கிடைத்தது. பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய ஒரு மாலை வகுப்பு, பல வருஷம் கழித்து அவர்களுடைய வாழ்க்கையை என்ன செய்தது என்று ஆராய்ந்த அறிக்கை அது. நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். எண்களைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஓரிடத்தில் 'வகுப்பு பெற்றவர்கள்' என்று எழுதி, பக்கத்திலேயே '(குலுக்கலில் பெயர் வந்தும் ஒரு நாள்கூட வராதவர்கள் உட்பட)' என்று போட்டிருந்தார்கள். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டபோது அங்கேதானே இருந்தார்கள், அப்புறம் எங்கே போனார்கள்?

2

முதல் தொடக்கம்: 'மாரண்டஹள்ளிக்கு மேற்கே சூரியன் மெல்ல'

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: 'அமுதவல்லி ஓர் அப்பாவிப் பெண். அவளுக்கு'

இதுவும் வேண்டாம். அவள் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவாள்.

மூன்றாவது: மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த அமுதவல்லியைத் தேடி, கையில் டேப் கணினியுடன் ரஞ்சித்குமார் வந்தான்.

இது போதும். தோளில் தொங்கிய பையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சர்வேக்காரர்கள்தான். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவார்கள்; ஆள் மட்டும் மாறும். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அவனை உட்காரச் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் படித்ததைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் கேட்பதில்லை. கணவன் சின்னராஜ் கேட்கிற கேள்விகள் குழம்பைத் தாண்டிப் போகாது.

3

நடந்தது இதுதான். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் அந்த மாலை வகுப்புக்கு ஆள் எடுக்க வைத்த குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா மாதம்மாள் கட்டட வேலைக்குப் பெங்களூர் பஸ் ஏறினாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமுதவல்லியையும் கூட்டிப் போனாள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பியபோது வகுப்பு முடிந்து, நடத்தியவர்களும் ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

முதல்முறை சர்வேக்கு வந்த பெண், "கிளாஸுக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். "போனேன்" என்ற சொல் தானாக வந்துவிட்டது. பெயர் விழுந்தது உண்மை. கை தட்டியது உண்மை. மிச்சத்தை அவளே கட்டிக்கொண்டாள். அடுத்த முறை வந்தவரிடம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததாகச் சொன்னாள். பிறகு ஒரு பெஞ்சு வந்தது. சிரித்த முகமாய் ஒரு டீச்சர் வந்தார். தக்காளி பொறுக்குகிற நேரமெல்லாம் அவள் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் பிரியம் வைத்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

[ஆக, இவளும் என் தொழில்தான். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் மூன்று தொடக்கம் எழுதித் திணறுகிறேன். அவள் ஒரே ஒரு 'போனேன்' என்பதை வைத்து இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.]

4

"அக்கா, இது கடைசி ரவுண்டுங்க. இனிமே யாரும் வர மாட்டோம்" என்றான் ரஞ்சித்குமார்.

"வரவே மாட்டீங்களா தம்பி?"

"இல்லீங்கக்கா. இதோட முடிவு எழுதிருவாங்க. பிரயோசனம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்தக் கிளாஸ மறுபடி இங்க நடத்துவாங்க. இல்லன்னா வுட்ருவாங்க."

"பிரயோசனத்த எப்புடிக் கண்டுபுடிப்பாங்க?"

"போனவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு பாத்துதான். நீங்க தெனமும் போனதா போன தடவ சொல்லியிருக்கீங்க. அப்படியே போட்டுக்கறேன். இப்ப என்னங்கக்கா வேலை? மண்டியில கூலின்னு போடட்டுமா?"

அமுதவல்லி கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள். தினமும் போனவள் மண்டியில் கூலி என்றால், பழி வகுப்பின் மேல் அல்லவா விழும்? அவளுடைய டீச்சரையும் அவளுடைய பெஞ்சையும் எங்கேயோ உட்கார்ந்து யாரோ உபயோகமில்லை என்று எழுதிவிடுவார்கள். போகவில்லை என்று சொன்னால் வகுப்பு தப்பித்துக்கொள்ளும். ஆனால் அப்புறம் அது அவளுடையதாக இருக்காது.

[நண்பரிடம் கேட்டேன். என்ன சொன்னாலும் அவள் 'பெயர் விழுந்தவர்கள்' கூட்டத்திலேயேதான் இருப்பாளாம். ஆனால் யார் எத்தனை நாள் போனார்கள் என்று தனியாகவும் பார்ப்பார்களாம். அவளால் மாற்ற முடிந்தது, எத்தனை நாள் என்கிற அந்த ஒரு பதிலைத்தான்.]

[இங்கே அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்து, அந்த மகளுக்காக உண்மையைச் சொல்ல வைக்கலாமா என்று யோசித்தேன். மகளை எடுத்துவிட்டேன். சொல்வதானால் அவள் வகுப்புக்காகவே சொல்லட்டும்.]

5

முடிவு அ: "ஆமா தம்பி, தெனமும் போனேன்" என்கிறாள். அவன் கிளம்பிவிடுகிறான். வகுப்பு அவளோடேயே இருக்கிறது, ஊருக்கு மட்டும் வரவில்லை.

முடிவு ஆ: உண்மையைச் சொல்லி ஓவென்று அழுகிறாள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து

இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் அப்படி அழுகிறவள் இல்லை.

6

நான் எழுதாமல் இருந்தபோது அவளே பேசினாள்.

"தம்பி, அந்தக் கிளாஸ்ல என்னதாங்க சொல்லிக் குடுத்தாங்க?"

ரஞ்சித்குமாரின் விரல் டேப்பின் மேல் நின்றுவிட்டது. "அக்கா… நீங்க போவலீங்களா?"

"ஒரு நாளுகூட போவல. அப்படியே போட்டுக்குங்க. கிளாஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவன் டேப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். வருமானம் எவ்வளவு, எத்தனை வயதில் கல்யாணம், வீடு சொந்தமா வாடகையா, எல்லாம் இருந்தது. பாடம் இல்லை. "எனக்குத் தெரியலீங்கக்கா. அப்ப நானே மூணாவது படிச்சிட்டிருந்தேன்" என்றான்.

எனக்கும் தெரியாது. அறிக்கையை மறுபடி புரட்டினேன், அதிலும் இல்லை. லாரி வந்து ஹாரன் அடிக்கிறது, மேஸ்திரி சத்தம் போடுகிறார். அவள் எழுந்திருக்கவில்லை.

வாசகரே, நீங்கள் எப்போதாவது ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே கேட்ட பாடம் ஒன்றை அவளுக்குச் சொல்லுங்கள். எதுவானாலும் சரி. நடுவிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அவள் முதல் நாள்கூட வந்ததில்லை.